முன்னால் புதுசு, பின்னால் பழசு

லாரி வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். புது டயர் வாங்கினால் முன்னால் மாட்டு, பழசைப் பின்னால் தள்ளு. முன்னால் ஒரு பக்கத்துக்கு ஒரு டயர்தான். அது வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது, டிரைவர் உயிர் போய்விடும். பின்னால் ஜோடி ஜோடியாக இருக்கிறது, ஒன்று வெடித்தாலும் பக்கத்தில் இருப்பது தாங்கும். சித்தூரில் மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் சீசனில் லோடோடு இரண்டு நாள் வரிசையில் நின்றால் தெரியும், டிரைவர்கள் எதைப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் டயரில்தான் வந்து நிற்பார்கள். அங்கே நின்று கற்றுக்கொண்டவள் நான்.

வீட்டுக்காரர் மாரடைப்பில் போனபோது, இரண்டு லாரியையும் விற்றுவிட்டு வீட்டில் உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. பதினாறு வருஷமாக ஆள் வைத்து ஓட்டுகிறேன். மாம்பழம், கரும்பு, செங்கல், உமி, எது கிடைத்தாலும் ஏற்றுவேன். டயர் வாங்குவதை மட்டும் எந்த டிரைவரிடமும் விட்டதில்லை. நானே போய், நானே தடவிப் பார்த்து, நானே சண்டை போட்டு வாங்குவேன். பிச்சாட்டூர் சுற்றுவட்டாரத்தில் டயர் விஷயம் என்றால் ஆம்பிளைகளே என்னிடம் வந்து கேட்பார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இந்தப் பெருமைதான் ஒரு பெண்ணைக் கொன்றது.

எனக்கு ஒரே தம்பி. என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். நைனா போனபோது அவனுக்கு ஆறு வயது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகவே அவனை நான்தான் வளர்த்தேன். பாதி சோறு, பாதி அதட்டல். "இன்னாடா முழிக்கற, துன்னுட்டு எழுந்திரு" என்று நான் கத்தினால் போதும், தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் மூச்சு விடுவான். பெரியவனாகி ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். கப்பலில் போகும் சரக்குக்குக் காகிதம் தயார் செய்கிற வேலை. கட்டிக்கொண்டவள் திருத்தணிப் பக்கத்துப் பெண், திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதனால் திருப்பதியிலேயே வாடகைக்கு வீடு பிடித்தார்கள். அவனுக்குக் கம்பெனி பஸ் வந்து போகும். ஆக, திங்கள் முதல் வெள்ளி வரை அவனுக்கு வண்டியே தேவையில்லை.

தேவையில்லாதவன்தான் அந்தக் காரை வாங்கினான். பெங்களூரில் யாரோ ஓட்டிப் பழசானது. சிவப்புக் கலர், இரண்டே சீட்டு, தரையில் படுத்தது போல உயரம். மேலே துணிக் கூரை. இரண்டு கொக்கியை எடுத்துப் பின்னால் மடித்துத் தள்ளினால் வானம் தெரியும். முதல் தடவை அதை என் வாசலில் கொண்டு வந்து நிறுத்தியபோது எனக்கு வயிறு எரிந்தது.

"மழ பெஞ்சா இன்னாடா பண்ணுவ?"

"மூடிக்குவேன்க்கா."

"வெயில் அடிச்சா?"

"அப்பவும் மூடிக்குவேன்."

"அப்புறம் தொறக்கறதுக்கு எதுக்குடா காசு குடுத்த?"

அவன் பெண்டாட்டி சிரித்தாள். "காத்து வருது அண்ணி. ஒருவாட்டி ஏறிப் பாருங்க, உங்களுக்கே புடிக்கும்" என்றாள். நான் ஏறவில்லை. சேலை கட்டிக்கொண்டு தரையில் உட்காருகிற வண்டியில் ஏறுவதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் விடவில்லை, ஒவ்வொரு தடவை வரும்போதும் கூப்பிட்டாள். ஒரு பச்சைத் துப்பட்டாவைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை அவனோடு வந்து இறங்குவாள். அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் 'மா'தான். தண்ணி வேணுமா மா, போலாமா மா. கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் சந்தோஷமாக இருந்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

வண்டி வந்து ஒரு வருஷத்தில் முன் டயர் இரண்டும் உள்பக்கமாகத் தேய்ந்துவிட்டன. சக்கரம் நேர்கோட்டில் இல்லாமல் ஓடினால் அப்படித்தான் தேயும். நாலையும் மாற்றச் சொல்கிறார்கள் என்று தம்பி வந்து நின்றான். நான் வாசலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பின் டயர்களைத் தடவினேன். டயர் மேல் இருக்கிற கட்டைகளைப் பட்டன் என்போம், அது முழுசாக இருந்தது. விரல் பள்ளத்தில் பாதி இறங்கியது. லாரியில் இப்படி ஒரு டயர் இருந்தால் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிடுவேன்.

"இத எவன்டா கழட்டச் சொன்னான்?"

"கடைலக்கா. நாலும் பழசாயிடுச்சாம்."

"பழசுன்னா இன்னா, தேஞ்சிருக்கணும். தேயாதது எப்டி பழசாவும்? வாரத்துக்கு ஒரு நாள் ஓடற வண்டி, இதுங்க இன்னும் நாலு வருஷம் ஓடும். ரெண்டு வாங்கு. முன்னாடி போடு. அவ்ளோதான்."

அவன் தலையாட்டினான். என் முன்னால் அவன் எப்போதும் தலையாட்டுவான், அதில்தான் எனக்கு அவன்மேல் பிரியம்.

அடுத்த சனிக்கிழமை திருப்பதிக் கடையிலிருந்து ஃபோன் பண்ணினான். கடைக்காரர் வேறு மாதிரிச் சொல்கிறார், நீயே பேசிவிடு என்று ஃபோனை அவர் கையில் கொடுத்துவிட்டு, வெளியே நின்ற பெண்டாட்டியிடம் போய்விட்டான். அவர் வயசானவர் என்பது குரலிலேயே தெரிந்தது. தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார்.

"அம்மா, நாலும் போட்டுட்டா நல்லது. முடியலன்னா ரெண்டு போடலாம், ஆனா புதுசு ரெண்டையும் பின்னாடி போடணும்மா."

"முன்னாடிதான போடணும்?"

"லாரிக்கு முன்னாடி. இது லேசான வண்டி, பின் சக்கரம் தள்ளுற வண்டி. பின்னாடி பழசு இருந்தா மழைல வளைவுல பின்பக்கம் முன்னாடி வந்துடும்மா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷமாக டயர் வாங்குகிறவளுக்கு, டயர் விற்கிறவன் நாக்கு மேலே பல்லைப் போட்டுப் பாடம் எடுக்கிறானா? அன்றைக்கு என் லாரி ஒன்று நகரி பக்கம் ஆக்சில் உடைந்து நின்றிருந்தது, அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது. "யோவ், எங்கிட்ட கதை வுடாத. பின்பக்கம் எப்டிய்யா முன்னாடி வரும்? ஸ்டியரிங்கு எங்க கீது, முன்னாடிதான கீது? நாலு டயர் விக்கறதுக்கு உயிரைக் காட்டி பயமுறுத்தறியா? சொன்னத செய், இல்லன்னா வேற கடை பாத்துக்கறோம்" என்றேன்.

அந்தப் பக்கம் காற்று அடிக்கிற கம்ப்ரசர் சத்தம் மட்டும் கேட்டது. "சரேம்மா, மீ இஷ்டம்", உங்கள் இஷ்டம் என்று வைத்துவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சாயந்திரம் தம்பி ஃபோன் பண்ணி, முன்னாடி புதுசு போட்டாச்சுக்கா என்றான். கடைக்காரர் என்ன சொன்னார் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஐப்பசி கடைசி ஞாயிறு. காலையிலிருந்தே மழை. கூரையை மூடிக்கொண்டு வந்தார்கள். சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்திக் கொடுக்க வேண்டும் என்றாள். நான் ஒரு டப்பாவில் கருவாட்டுக் குழம்பு ஊற்றி அவள் மடியில் வைத்து, "சாஞ்சா கொட்டிடும், பாத்து புடிச்சிக்கோ" என்றேன். அவளிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான்.

நாலு மணி ஆவதற்குள் ஃபோன் வந்துவிட்டது. நாராயணவனத்துக்கு முன்னால் ஏரிக்கரையில் ஒரு வலது வளைவு இருக்கிறது. என் டிரைவர் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு போனான். கார் ரோட்டுக்குக் குறுக்காகத் திரும்பி, இடது பக்கம் முழுவதும் புளியமரத்தில் அமுங்கிக் கிடந்தது. இடது பக்கம்தான் அவள் சீட்டு. நான் போவதற்குள் அவளை வெளியே எடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். உயிர் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. குழம்பு வாசனை மழையிலும் அடங்கவில்லை. அன்றையிலிருந்து என் வீட்டில் கருவாடு கிடையாது.

தம்பிக்குத் தோள்பட்டை எலும்பும் விலாவும் உடைந்திருந்தன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்தான். "நான் ஒண்ணும் பண்ணலக்கா. அம்பத்தஞ்சுலதான் போய்க்கினு இருந்தேன், ஸ்பீடு முள்ளப் பாத்தேன். வளைவுல பின்பக்கம் தானா முன்னாடி வந்துச்சுக்கா" என்றான்.

அதே வார்த்தை. அந்தக் கடைக்காரர் சொன்ன அதே வார்த்தை. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. போலீஸ்காரருக்கு முன்னால், பெண்ணைப் பெற்றவருக்கு முன்னால், எல்லாருக்கும் முன்னால் எனக்குத்தான் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. இப்போது அவனிடம் சொன்னால் தாங்கமாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். தாங்க முடியாதவள் நான்தான்.

பிணத்தை எடுத்த அன்றைக்கு அவள் அப்பா எல்லார் முன்னாலும், "வேகத்துக்கு என் பொண்ணக் குடுத்துட்டேன்" என்று சொல்லி அழுதார். அதற்குப் பிறகு ஊரே அதைத்தான் சொன்னது. ஸ்போர்ட்ஸ் கார், மழை, வயசுப் பையன், வேறென்ன. வண்டியைச் சோதித்த அதிகாரி பிரேக் சரி, ஸ்டியரிங் சரி, டயரில் பட்டன் இருக்கிறது என்று எழுதினார். அவரும் என்னைப் போலவேதான் பார்த்திருக்கிறார், பட்டனை. வண்டியில் குறை இல்லை என்றால் ஓட்டினவன்மேல்தான் குறை. அஜாக்கிரதையாக ஓட்டி உயிர் போகக் காரணமானவன் என்று புத்தூர் கோர்ட்டில் அவன்மேல் கேஸ் ஆனது.

இதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. ஐம்பத்தைந்து என்று சொல்லிக்கொண்டிருந்த என் தம்பி, கொஞ்சம் கொஞ்சமாக அதைச் சொல்வதை நிறுத்திவிட்டான். நாலு மாசம் கழித்து, அறுபது இருக்கலாம்க்கா என்றான். அப்புறம், முள்ளை நான் பார்த்தேனா இல்லையா என்றே தெரியலக்கா, எனக்கு சாதகமா நானே நெனச்சிக்கினு கீறேன் போல என்றான். பார்த்ததையே நம்பாமல் போய்விட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டேன், முதுகைத் தடவினேன், விடுடா விடுடா என்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் கண்ணை அவனுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். மென்று விழுங்கிவிட்டு அடுப்பங்கரைக்கு எழுந்து போவேன்.

கேஸில் எழுதிக்கொண்ட பிறகு வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். காயலான் கடைக்குப் போடச் சொன்னதை அவன் கேட்கவில்லை. வேலூரில் ஒரு பட்டறையில் மாசக்கணக்கில் கிடந்து எழுந்து வந்தது. இடது கதவு மட்டும் வேறு ஏதோ உடைந்த வண்டியிலிருந்து எடுத்தது, சாம்பல் கலர். பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான். என் லாரி ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். அவன் ஏறவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

போன புரட்டாசியில் வந்தான். இரண்டு விஷயம் சொன்னான். சென்னையில் ஒருத்தர் வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்கிறார், டயர் மட்டும் மாற்றித் தர வேண்டுமாம். "என்னால அந்தக் கடைக்குப் போவ முடியாதுக்கா. நீயே பாத்து வாங்கிடு, உனக்குத்தான் தெரியும்" என்றான். உனக்குத்தான் தெரியும் என்று அவன் சொன்னது மனசார. இரண்டாவது விஷயத்தை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். அடுத்த மாசம் கோர்ட்டில், வேகமாகத்தான் போனேன், தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொள்ளப் போகிறானாம். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டாராம்.

"உள்ள போட்டுடுவாங்கடா."

"போடட்டும்க்கா. அவங்கப்பாவுக்காவது ஆறும்."

நாலு சக்கரத்தையும் கழற்றி லாரியில் போட்டுக்கொண்டு திருப்பதிக்குப் போனேன். வேறு கடைக்குப் போயிருக்கலாம். போகத் தோன்றவில்லை. அந்தக் குரலுக்குரிய ஆள் மெலிந்து, நெற்றியில் நாமத்தோடு, ஸ்டூலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு வாக்கியம் பேசியதும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஃபோன்ல சண்டை போட்டீங்களே, நீங்கதானாம்மா?" கோபமே இல்லை அவருக்கு. "சிவப்பு வண்டி தம்பி நல்லா இருக்காரா? அந்தப் பொண்ணு அன்னைக்கு எனக்கும் சேத்து கரும்பு ஜூஸ் வாங்கி வந்து குடுத்துச்சும்மா. நல்ல பொண்ணு."

நான் சொன்னேன். எந்த வளைவு, எப்படித் திரும்பியது, எல்லாம் சொன்னேன். அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். நான் அப்பவே சொன்னேனேம்மா என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் தெரியும், சண்டை போட்டிருப்பேன். சொல்லவே இல்லை. எழுந்து வந்து, பின் டயர் ஒன்றைப் புரட்டி, ஓரத்தில் படிந்திருந்த சேற்றை ஈரத்துணியால் துடைத்தார். அதற்குள் நாலு எண் இருந்தது. முதல் இரண்டு எந்த வாரம், பின் இரண்டு எந்த வருஷம் என்று விரல் வைத்துக் காட்டினார். டயர் செய்த தேதி. பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

"நகத்தால அழுத்திப் பாருங்கம்மா" என்றார். அழுத்தினேன். நகம் இறங்கவில்லை, மாட்டுக் கொம்பு மாதிரி இருந்தது. கடையில் மாட்டியிருந்த புது டயரில் அழுத்தச் சொன்னார். நகம் பதிந்து தடம் விழுந்தது. மழைத்தண்ணியில் ரோட்டைக் கவ்வுவது அந்த மெதுமெதுப்புதான், பட்டன் தண்ணியைத் தள்ளுவதற்கு மட்டும் என்றார். பெங்களூரில் அந்த வண்டி வருஷக்கணக்கில் நிழலில் நின்றே கிடந்திருக்கும், நின்றால் பட்டன் தேயாது, ரப்பர் மட்டும் செத்துப்போகும் என்றார்.

பதினாறு வருஷத்தில் எத்தனை டயரைத் தடவியிருப்பேன். அந்த நாலு எண்ணை ஒரு தடவைகூடப் படித்ததில்லை. படிக்க வேண்டிய வேலையே வந்ததில்லை. லாரி டயருக்குக் கிழடாக நேரம் ஏது, பத்து மாசத்தில் தேய்ந்து முடிந்துவிடும். வாரத்துக்கு ஒரு நாள் ஓடுகிற டயர் எப்படிச் சாகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது. தெரிந்தவர் சொன்னபோது யோவ் என்றேன்.

அவர் மூன்று வகை எடுத்துப் போட்டார். ஒன்று ரொம்ப நாள் உழைக்கும், கொஞ்சம் கடினம். ஒன்று சத்தமில்லாமல் ஓடும். மூன்றாவது மெதுவான ரப்பர், சீக்கிரம் தேய்ந்துவிடும், ஆனால் ஈரத்தில் விடாது. அந்த அளவில் அது கையிருப்பில் இல்லை, சென்னையிலிருந்து வர நாலு நாள் ஆகும். என் கை பழக்கத்தில் முதல் டயருக்குத்தான் போனது. கையை இழுத்துக்கொண்டேன். மூன்றும் எங்கே எந்த வாரம் செய்தது என்று கேட்டுப் படித்தேன். ஒவ்வொன்றையும் நகத்தால் அழுத்தினேன். அந்தக் கடையில் ஒரு மணி நேரம் நின்றிருப்பேன்.

"மூணாவது. நாலு."

"விக்கிற வண்டிக்கு இது எதுக்கும்மா? ரெண்டாவதே போதும்."

"வாங்கறவன் பொண்டாட்டியும் அந்த சீட்லதான குந்துவா" என்றேன். அவர் சென்னைக்கு ஃபோன் போட்டார்.

டயர் வந்ததும் ஷெட்டில் வைத்து மாட்டினோம். டிரைவர் ஜாக்கியை இறக்கிவிட்டுப் போனான். தம்பி சாயந்திரம் வந்து, ஒரு பழைய லாரி டயர்மேல் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு பார்த்தான். நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். கடைக்காரர் ஃபோனில் சொன்னது, நான் திட்டியது, ஆஸ்பத்திரியில் நீ சொன்னபோதே எனக்குத் தெரிந்தது, ஒன்று விடாமல் சொன்னேன்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். ரொம்ப நேரம் அந்தப் புது டயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மழைல பின்பக்கம் முன்னாடி வரும்னா சொன்னாரு?"

"ஆமா."

"இதே மாதிரியா? இதே வார்த்தையா?"

"இதே வார்த்தைதான்டா."

"ஒரு வருஷம்க்கா" என்றான். அவ்வளவுதான். எழுந்து பஸ் ஏறப் போய்விட்டான். என் ஃபோனை எடுக்கவில்லை. நான் அரிசி வைத்தேன், இறக்கினேன், லோடுக்கு ஆள் அனுப்பினேன், எதையும் நிறுத்தவில்லை. ஆனால் ஒரு வாரம் யாரையும் திட்டவில்லை. டிரைவர்கள் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு காலையில் மழை பிடித்துக்கொண்டது. மதியம் போல அவன் நனைந்துகொண்டு வந்து நின்றான். உள்ளே வரவில்லை. சாவியைக் கேட்டான். தார்ப்பாயை எடுத்துப்போட்டு, வண்டியைக் கிளப்பி, வாசலில் நிறுத்தி, "ஏறுக்கா" என்றான்.

அந்த வண்டியில் நான் அதுவரை ஏறினதே இல்லை. சாம்பல் கதவைத் திறந்து, முழங்காலை மடக்கி, தரையோடு உட்கார்ந்தேன். எங்கே போகிறோம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. என்னையும் கொன்று தானும் சாகத்தான் கூட்டிப் போகிறான் என்றால், சரி, போகட்டும் என்றே ஏறினேன். அவனும் பெல்ட் போட்டான், எனக்கும் இழுத்துப் போட்டுவிட்டான். அப்போதுதான் சாவதற்குப் போகவில்லை என்று புரிந்தது.

ஏரிக்கரை வந்தது. தண்ணீர் ரோட்டில் பாய் விரித்த மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. முன்னும் பின்னும் வண்டி இல்லை.

"முள்ளப் பாத்துக்கினே இரு. எவ்ளோன்னு சத்தமா சொல்லு."

"அம்பது... அம்பத்திரெண்டு... அம்பத்தஞ்சு."

"அம்பத்தஞ்சுதான?"

"அம்பத்தஞ்சுடா."

வளைவில் திருப்பினான். நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பியது, அவ்வளவுதான். புளியமரம் என் ஜன்னலைத் தாண்டிப் போனது. பட்டை உரிந்த இடம் வெள்ளையாக அப்படியே இருந்தது.

கொஞ்ச தூரம் போய்த் திருப்பிக்கொண்டு வந்தான். மறுபடியும் அதே வளைவு, அதே ஐம்பத்தைந்து. நான் படித்தேன், அவன் திருப்பினான், வண்டி திரும்பியது. அந்தப் பக்கம் போனதும் வண்டியை மெதுவாக்கி, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான். "வியாழக்கிழமை கோர்ட்டு. எங்கிட்ட சொன்னத அங்க வந்து சொல்லுவியா?"

"சொல்றேன்."

"எல்லார் முன்னாடியும். அவங்கப்பா முன்னாடியும்."

"சொல்றேன்டா."

மூன்றாவது தடவையும் போனான். இந்தத் தடவை என்னை முள்ளைப் படிக்கச் சொல்லவில்லை, அவனே பார்த்துக்கொண்டான். வளைவைத் தாண்டியதும் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினான். துணிக் கூரைமேல் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் இடது பக்கம் திரும்பினான். "நான் வேகமாப் போகலமா" என்றான். "அம்பத்தஞ்சுதான்மா. அன்னைக்கும் அம்பத்தஞ்சுதான்மா."

என்னை அவன் ஒருநாளும் 'மா' என்று கூப்பிட்டதில்லை. நான் அந்தச் சாம்பல் கதவோடு முடிந்தவரை ஒட்டிக்கொண்டு, அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தேன்.